முப்பத்தெட்டாவது கேள்வி

என் சட்டைப் பொத்தான் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அறுந்து விழுந்தது நல்லதாகப் போயிற்று. வேலைக்கூடத்தில் சாப்பாட்டு நேரம். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறி, தையல்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பதில் சொல்லாமல் இருக்கிற ஆளா அவர்? நாம் படியேறும்போதே, "யாரது, செருப்பை வெளியிலயே விடு" என்று குரல் வந்துவிடும். கதவைத் தள்ளிப் பார்த்தேன். தையல் மெஷினுக்குப் பின்னால் இருக்கிற கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மூச்சு மெஷின் ஓடவில்லை. தைக்க வந்திருந்த திரைச்சீலை மூட்டை ஒன்று சரிந்து விழுந்ததில் பிளக் பிடுங்கிக்கொண்டு கீழே கிடந்தது. மூட்டையை எட்டி உதைத்துவிட்டு பிளக்கைச் சொருகினேன். மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. கொஞ்ச நேரத்தில் உதட்டுக்கு நிறம் திரும்பியது. அப்புறம் கண்ணைத் திறந்து என் கையில் இருந்த சட்டையைப் பார்த்து, "பொத்தானா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வீட்டில் மூன்று பேர். தையல்காரம்மா மூத்தவர், கல்யாணம் என்ற பேச்சே எடுக்காமல் தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. ஆனால் வாய் முழுசாக வேலை செய்யும். தம்பி ரொட்டிக் கடை வேன் ஓட்டுகிறவன். நான் அவனை ரொட்டிக்காரன் என்றுதான் கூப்பிடுவேன். அவன் பெண்டாட்டி, நான் வேலை பார்க்கிற கூடத்திலேயே சோதனைப் பிரிவில் இருக்கிறவள். அங்கே எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் பாஸ்பெயில், எனக்குச் சோதனைக்காரி. நான் பெட்டி கட்டுகிறவன். அவர்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டுக்காரன். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவன் என்று என் மனைவி சொல்வாள். மூக்கு இருக்கிறதே, என்ன செய்ய?

எங்கள் கூடத்தில் செய்வதே இந்த மூச்சு மெஷின்தான். காற்றை இழுத்து, நல்ல காற்றை மட்டும் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். அதற்கு மூளை மாதிரி உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. மெஷினோடு நோயாளி வீட்டில் தனியாக இருப்பார் என்பதால் ஏதாவது தப்பு நடந்தால் அது கத்த வேண்டும். குழாய் மடங்கினால் கத்தும். கரண்ட் போனாலும் உள்ளே இருக்கிற சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு ஏழு நிமிஷம் கத்தும். அதற்குள் யாராவது வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு அது கத்தியதா இல்லையா என்பதுதான் அந்த வீட்டில் சண்டை.

"நான் தூக்கத்துல இருந்தேன், சரி. அது கத்தியிருந்தா எழுந்திருப்பேன்" என்றார் தையல்காரம்மா. நான் போனபோது சத்தம் இல்லை என்பதற்கு நானே சாட்சி. ஆனால் ஏழு நிமிஷம் கத்திவிட்டு ஓய்ந்திருக்கலாம் அல்லவா? டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வலது காது கொஞ்சம் மந்தம்போலத் தெரிகிறது என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார். அது போதுமே. பகலில் வீட்டில் ஆள் இல்லை, மெஷின் கத்தினாலும் காது கேட்கவில்லை, இனிமேல் தனியாக விடக்கூடாது என்று ரொட்டிக்காரன் முடிவு கட்டிவிட்டான். ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லம். விண்ணப்பம்கூட எழுதிக் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

புதன்கிழமை சாயந்திரம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வெளியே மூன்று நாளாக விடாத தூறல். கயிற்றில் போட்ட துணி காயாமல் அறையெல்லாம் ஈர வாடை. விற்காமல் மிஞ்சிய ரொட்டி, வேகவைத்த முட்டை, வெங்காயம் போட்ட சூப். வெட்டுகிற மேசைதான் சாப்பாட்டு மேசை. கத்தரிக்கோலைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டைப் போட வேண்டும்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றான் ரொட்டிக்காரன், தட்டைப் பார்த்தபடி. "ஜன்னலோரமா கட்டில் தர்றாங்களாம்."

"ஜன்னலை வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்ணப் போறேன்? தையல் மெஷின் வெக்க எடம் தர்றாங்களா?"

"அது சத்தம் போடும், மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு..."

"ஓகோ. அங்க இருக்கறவங்களுக்கெல்லாம் காது கேக்குது. எனக்கு மட்டும்தான் கேக்கலையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூப்பைக் குடிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"அக்கா, கோவப்படாத. வயசானா காது மந்தமாகறது சகஜந்தானே."

"நீ கீழ வேனை நிறுத்தறப்பவே ஹேண்ட்பிரேக் சத்தத்துல இன்னைக்கு ரொட்டி மிச்சமா இல்லையான்னு சொல்லிடுவேன்டா நான். மிச்சமிருந்தா அதைப் போட்டு இழுப்பே. என் காதைப் பத்தி நீ பேசாத."

சோதனைக்காரி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, நான் சும்மா சொல்லல. ஒவ்வொரு போர்டும் என் கை வழியாத்தான் போகுது. கத்தாத போர்டு வெளியில போகவே போகாது. இந்த மெஷின் வீட்டுக்கு வந்தப்புறமும் இதே ரூம்ல நாலு தரம் பிளக்கைப் புடுங்கிப் பாத்திருக்கேன். நாலு தரமும் கத்துச்சு. நீங்களே கேட்டீங்க."

"நீ புடுங்கினா கத்துது. நான் புடுங்கினா கத்தல. அதுதான் எனக்கும் புரியல. அதனாலதான் குறிச்சு வெச்சேன்."

"என்னத்தைக் குறிச்சீங்க?"

தையல்காரம்மா மேசை விரிப்பைத் தூக்கிக் காட்டினார். பலகையின் ஓரத்தில் துணிக்குக் கோடு போடுகிற சாக்குக் கட்டியால் வரிசையாகக் குறிகள். சிலது வட்டம், சிலது பெருக்கல் குறி.

"நேத்தும் இன்னைக்குமா பதினோரு தரம் புடுங்கிப் பாத்தேன். வட்டம்னா கத்துச்சு. பெருக்கல்னா கத்தல."

"புடுங்கிப் பாத்தியா! மூக்குல குழாயை வெச்சுக்கிட்டு, ஆள் இல்லாத வீட்டுல?" ரொட்டிக்காரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். "உனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

"கத்தாதடா. ஒரு நிமிஷம் எண்ணிட்டுத் திரும்பச் சொருகிட்டேன். ஒரு நிமிஷத்துல யாரும் செத்துட மாட்டாங்க. சனிக்கிழமை என்னை மூட்டை கட்டி அனுப்பப் போறீங்க, அதுக்குள்ள என் காதா மெஷினான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

நானும் திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் சோதனைக்காரி அந்தக் குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டையைப் பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு விஷயம் புரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கூடத்தில் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

"வட்டமெல்லாம் ஒண்ணா இருக்கு, பெருக்கலெல்லாம் ஒண்ணா இருக்கு" என்றாள். "மாறி மாறி வரல."

"அதைத்தான் சொல்ல வரேன், விட்டாத்தானே. நேத்துக் காலையில குழாய் நாற்காலிக் கால்ல மாட்டி மடங்கிடுச்சு. மெஷின் கத்துச்சு. எடுத்து விட்டேன். அதுக்கப்புறம் பிளக்கைப் புடுங்கினா கத்துது. மறுபடி புடுங்கினாலும் கத்துது. நாலு வட்டம். அப்புறம் பில்டர் கழுவறதுக்காக மெஷினை நிறுத்திட்டுத் திரும்பப் போட்டேன். போட்டப்புறம் புடுங்கறேன், மூச்சு விடல. இன்னைக்கு முழுக்கக் குழாய் மடங்கல. இன்னைக்கு முழுக்கப் பெருக்கல்தான்."

"அதாவது, காலையில ஒருதரம் கத்திப் பழகினா அப்புறம் கத்தும்" என்று சிரித்தான் ரொட்டிக்காரன். "மெஷினுக்கு மூடு வரணுமாக்கும்."

அவன் சிரிப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. "கடைசியா மெஷினை எப்ப நிறுத்திப் போட்டீங்க?" என்றாள் அவள். "அஞ்சு மணிக்கு." "அதுக்கப்புறம் குழாய் மடங்கிச்சா?" "இல்ல." "ஏதாவது ஒரு சத்தம்? சின்னதா ஒரு பீப்?" "இல்லேங்கறேனே. நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டி."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் மெஷினிடம் போனாள். ஒரு கை பிளக்கில். இன்னொரு கை தானாக மெஷினின் முகப்புக்குப் போனது. அங்கே ஒரு சின்னப் பட்டன் உண்டு. அமுக்கினால் சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முதலில் பட்டனை அமுக்கிச் சத்தம் பாருங்கள், பிறகு பிளக்கை எடுத்துப் பாருங்கள் என்று நான் பெட்டிக்குள் வைக்கிற புத்தகத்திலேயே எழுதியிருக்கும். அவள் எழுதிக் கொடுத்ததுதான்.

தையல்காரம்மா படீரென்று அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினார். "அதை அமுக்காத! நீ எப்பவும் அதை அமுக்கிட்டுத்தான் புடுங்கற. நாலு தரமும் பாத்தேன். கரண்ட் என்ன உன்னைக் கேட்டுட்டா போகுது?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

மெஷின் உறுமல் அடங்கியது. சிவப்பு விளக்கு மின்னியது. மழைத் தூறல் ஜன்னல் தகரத்தில் விழுவது கேட்டது. நான் மனதுக்குள் எண்ணினேன். இருபது, முப்பது, நாற்பது. ரொட்டிக்காரன் குனிந்து மெஷினில் காதை வைத்துப் பார்த்தான். அவன் காதுக்கு என்ன குறை? அவனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஐம்பதில் அவளே பிளக்கைச் சொருகிவிட்டாள்.

"அண்ணி," என்றாள், "நாளைக்கு இதைக் கூடத்துக்கு எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் பரண்ல இருக்கற பழைய மெஷினை இறக்கித் தர்றேன்."

"நானும் வரேன். அதைப் பிரிக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணும்."

மறுநாள் வியாழக்கிழமை. ரொட்டி வேனிலேயே போனோம். முன்னால் தையல்காரம்மா, மடியில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் சோதனைக்காரியும். ரொட்டிக்காரன் எங்களை இறக்கிவிட்டபோது, "சாயங்காலம் கூட்டிப் போக வரேன் அக்கா" என்றான். அந்த "அக்கா"வில் கொஞ்சம் பயம் இருந்தது.

சோதனை இடம் கூடத்தின் மூலையில் இருக்கிறது. அங்கே ஒரு மேசை. மேசையில் ஒரு பெட்டி, அதன் அடியில் நூற்றுக்கணக்கான ஊசிகள் மேல் நோக்கி நிற்கும். அதை நாங்கள் ஆணிப் படுக்கை என்போம். போர்டை அதன்மேல் வைத்து மூடியை அழுத்தினால், ஒவ்வொரு ஊசியும் போர்டின் ஒவ்வொரு புள்ளியைத் தொடும். மிச்சமெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஒன்றரை நிமிஷத்தில் நாற்பத்தொரு சோதனை. அவளே உட்கார்ந்து எழுதியது. அவள் அதைக் கேள்வி என்பாள். சூடு ஏறினால் என்ன செய்வாய்? காற்று குறைந்தால்? உண்மையில் அங்கே சூடும் கிடையாது, காற்றும் கிடையாது. கம்பி வழியாகப் பொய் சொல்லி போர்டை நம்ப வைப்பது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால் பச்சை விளக்கு. ஒன்று தப்பினாலும் சிவப்பு. இரக்கமே கிடையாது.

வீட்டு மெஷினிலிருந்து போர்டைக் கழற்றி ஊசிமேல் வைத்தாள். ஓடவிட்டாள். பச்சை. மறுபடியும் பச்சை. மூன்றாம் தரமும் பச்சை.

"வீட்டுல ஊமை, இங்க வாயாடியா?" என்றான் பக்கத்து மேசையில் இருந்த பற்றவைக்கிறவன். அவனுக்குப் பெயர் ஈயம். கையில் எப்போதும் சூட்டுக்கோல் இருக்கும். "ஒருவேளை உன்னைக் கண்டா அதுக்குப் பயமோ என்னமோ."

அவள் ஊசிகளைத் தூரிகையால் துடைத்தாள். கம்பியை மாற்றினாள். மறுபடி பச்சை. எனக்கே ஆர்வம் தாங்கவில்லை. கட்ட வேண்டிய பெட்டிகள் அம்பாரமாகக் கிடந்தன. வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. இருந்தாலும் நாடாவைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

தையல்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வேகமா ஓடினா எனக்கு என்ன தெரியும்?" என்றார். "ஒண்ணொண்ணா நிறுத்தி நிறுத்திக் காட்டேன். தையல் பிரிஞ்சா நாங்க ஒவ்வொரு தையலாத்தான் பாப்போம்."

அவள் ஒவ்வொன்றாக ஓட்டினாள். ஒவ்வொரு கேள்விக்கும் தையல்காரம்மா, "இது என்ன?" என்பார். இவள் சொல்வாள். முப்பத்தைந்துவரை ஒன்றும் தோன்றவில்லை. எனக்குக் கொட்டாவி வந்தது.

"இது முப்பத்தாறு. பட்டனை அமுக்கினா கத்துதான்னு." பீப் என்றது.

"முப்பத்தேழு. குழாய் மடங்கினா." பீப், பீப்.

"முப்பத்தெட்டு. கரண்ட் போனா." ஊளையிட்டது.

"இரு இரு" என்றார் தையல்காரம்மா. "ரெண்டு தரம் தட்டி எழுப்பிவிட்டுட்டு, மூணாவதா இதைக் கேக்கறியா? அப்ப அது எழுந்துதானே இருக்கும்? பதில் சொல்லாம என்ன பண்ணும்?"

சோதனைக்காரி நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து, போர்டை முழுசாக அணைத்தாள். மறுபடி உயிர் கொடுத்தாள். முப்பத்தெட்டை மட்டும் தனியாக ஓடவிட்டாள். கம்ப்யூட்டர் சத்தத்துக்காகக் காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம். ஈயம்கூட சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டான். பத்து விநாடி.

சிவப்பு.

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பச்சை முத்திரை குத்திய புதுப் போர்டுகள் பத்தை எடுத்து வந்தாள். ஒன்று, சிவப்பு. இரண்டு, சிவப்பு. பத்தும் சிவப்பு. நாலு மாதத்துக்கு முந்திய பழைய போர்டு ஒன்றைத் தேடி எடுத்து வைத்தாள். அது ஊளையிட்டது. பச்சை.

அப்போதே போர்டுக்குள் போகிற புரோகிராமை எழுதுகிறவனுக்குப் போன் போட்டாள். அவன் வேறு ஊரில் இருக்கிறான். "நாலு மாசம் முன்னாடி என்னத்தை மாத்தினே?" என்றாள். அவன் யோசித்துச் சொன்னது எனக்கும் கேட்டது: "பேட்டரி சீக்கிரம் தீருதுன்னு சொன்னாங்கக்கா. ஆன் பண்ணினதும் சத்தம் போடற சிப்பை எழுப்பி வெக்கிற வரியை எடுத்துட்டேன். தேவைப்படறப்ப எழுப்பிக்கலாம்னு. பட்டனுக்குப் போட்டேன், குழாய்க்குப் போட்டேன், கரண்டுக்கு... ஐயோ, விட்டுட்டேனா? ஆனா நீங்க சோதனை பண்ணி பாஸ்னு அனுப்பினீங்களே!"

பாஸ் என்றதும் அவன் நம்பினான். அவன் எழுதினதை முதலாளி நம்பினார். நான் எல்லோரையும் நம்பிப் பெட்டியைக் கட்டினேன்.

"ஏன்டி மூணையும் அடுத்தடுத்து வெச்சே?" என்றார் தையல்காரம்மா. குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவள் ஈயத்தைப் பார்த்தாள். ஈயம் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்காகத்தான்" என்றான். "முன்னாடி அது ஆறாவதுல ஒருதரம், பத்தொம்பதுல ஒருதரம், முப்பத்தெட்டுல ஒருதரம் கத்தும். எப்பக் கத்தும்னு தெரியாது. நான் கொதிக்கிற ஈயத்தைக் கையில வெச்சிருப்பேன். தூக்கிவாரிப் போடும். ஒருநாள் இங்க பாருங்க..." மணிக்கட்டில் ஒரு தழும்பைக் காட்டினான். "இந்தம்மாதான் பாவப்பட்டு மூணு சத்தத்தையும் கடைசியில ஒண்ணாச் சேத்துது. முப்பத்தஞ்சு முடிஞ்சதும், 'ஈயம், கையை எடு'ன்னு சொல்லும். நான் எடுத்துடுவேன்."

"முன்னாடி இருபதாவது கேள்வியில போர்டு ஒருதரம் அணைஞ்சு எழுந்திருக்கும்" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "அதுக்கப்புறம் தூங்கிக்கிட்டு இருக்கற போர்டைத்தான் முப்பத்தெட்டு கேக்கும். அது தானா சரியா அமைஞ்சிருந்தது. நான் யோசிக்காம மாத்திட்டேன். வீட்டுலயும் அதே வரிசையிலதான் பாத்தேன். புத்தகத்துலயும் அதையே எழுதினேன். அண்ணி, நீங்க மூணு நாளா சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நான் உங்க காதைக் குறை சொன்னேன்."

அழுதாள். ரொம்ப நேரம் இல்லை. தையல்காரம்மா சிலிண்டரை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அவள் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். "யானைக்கும் அடி சறுக்கும். நீ என்ன யானையா, பூனை. சரி, எந்திரி. இதே மெஷின் இன்னும் எத்தனை வீட்டுல இருக்கு, அதைச் சொல்லு."

இருநூற்றுப் பன்னிரண்டு. நான்தான் கட்டினேன், எனக்குத் தெரியாதா?

முதலாளி நல்ல மனிதர்தான். கெட்ட செய்தி என்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்கு ரொம்ப நேரம் துடைத்தார். "நாம எப்படி பாஸ் போட்டோம்?" என்று மட்டும் கேட்டார். "நான்தான் சார் வரிசையை மாத்தினேன்" என்றாள் அவள். ஈயம், "எனக்காகத்தான் சார்" என்றான். புரோகிராம்காரன் போனில், "நான்தான் சார் வரியை எடுத்தேன்" என்றான். இத்தனை பேர் போட்டி போட்டுக்கொண்டு பழியை வாங்கிக்கொண்டால் அவர் யாரைத் திட்டுவார்? லாரியை நிறுத்தச் சொன்னார். எல்லா வீட்டுக்கும் உடனே போன் போடச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு" என்றார். "காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். மெஷினை ஆன் பண்றப்பல்லாம் பட்டனை ஒருதரம் அமுக்குங்க, அடுத்த வாரம் ஆள் வந்து சரி பண்ணித் தருவாங்க. அவ்வளவுதான். கத்தாதுன்னு சொன்னா நம்ம கூடத்தை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். நாப்பது பேர் இருக்கோம்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

என் பெட்டி கட்டுகிற இடத்தில்தான் விலாசச் சீட்டெல்லாம் இருக்கிறது. அங்கேயே மூன்று போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சோதனைக்காரி, ஈயம், நான். தையல்காரம்மா முடித்த சீட்டை வாங்கி ஊசியில் கோத்து வைத்தார். மேலே தகரக் கூரையில் மழை. ஒரு வீட்டில் பட்டன் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. இன்னொரு வீட்டில் பேரன் எடுத்து, "தாத்தா தூங்கறாரு, நீங்க யாரு, உங்ககிட்ட நாய் இருக்கா?" என்றான். ஈயம் எல்லோரிடமும் ஒரே மாதிரி, மனப்பாடப் பாட்டுப்போல ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

நடுவில் சோதனைக்காரி தன் புருஷனுக்குப் போன் போட்டாள். "சனிக்கிழமை வேண்டாம்னு சொல்லிடுங்க. அக்கா காதுக்கு ஒண்ணுமில்ல. தப்பு என்னுதுதான்." அந்தப் பக்கம் ஹேண்ட்பிரேக் இழுக்கிற சத்தம் வந்தது. அப்புறம், "அக்காகிட்டக் குடு" என்றான்.

"வேலையா இருக்கேன்னு சொல்லு" என்றார் தையல்காரம்மா சீட்டைக் கோத்தபடி. "ராத்திரி வந்து நேர்ல சொல்லட்டும். நிதானமா, ஒரு தரத்துக்கு நாலு தரம் சொல்லட்டும். எனக்குத்தான் காது மந்தமாச்சே."

நாலு மணி இருக்கும். டீ வந்து ஆறிப்போயிருந்தது. முதலாளி வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைக்காரி பேசிப் பேசிக் கை வலித்து, போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அடுத்த சீட்டில் இருந்த வீட்டில் ஒரு பெரியவர் எடுத்தார்.

"மூச்சு மெஷின் கம்பெனியிலேர்ந்து பேசறேன் ஐயா. உங்க வீட்டு மெஷினை ஆன் பண்றப்பல்லாம்..."

"அது இப்ப ஓடறதில்லம்மா" என்றார் அவர். "மூடி வெச்சிருக்கேன். என் சம்சாரத்துக்கு வாங்கினது. அவ இப்ப இங்க இல்ல."

அவள் போனுக்கு மேல் குனிந்தாள். "இல்லைன்னா... ஐயா?"

"இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கா. முதியோர் விடுதியில விட்டிருக்கோம், போன மாசத்துலேர்ந்து. நான் கடைக்குப் போயிருந்த நேரத்துல கரண்ட் போயிருக்கு. மெஷின் கத்தினது அவளுக்குத் தெரியல. மயங்கிக் கெடந்தா. அவளுக்குக் காதும் போச்சு, நெனவும் போச்சு, தனியா விடக்கூடாதுன்னு பையன் சொன்னான். அவ மட்டும், மெஷின் கத்தல, கத்தலன்னு சொல்லிக்கிட்டே வேன்ல ஏறினா. நான்தான், சும்மா இருடி, மெஷின் பொய் சொல்லுமான்னு ஒரு அதட்டுப் போட்டேன்."

ஈயம் தன் போனைக் கையால் பொத்திக்கொண்டான். முதலாளி ஒரு அடி முன்னால் வந்து, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். சோதனைக்காரி அவரைப் பார்த்தாள். அப்புறம் தையல்காரம்மாவைப் பார்த்தாள். அவர் ஊசியைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றாள், "மெஷின் கத்தல. உங்க சம்சாரம் சொன்னதுதான் சரி. அதுல ஒரு கோளாறு இருந்திருக்கு. அதைச் சோதிச்சு நல்லா இருக்குன்னு அனுப்பினவ நான்தான். தப்பு என்னுது. அவங்க காதுல ஒரு குறையும் இல்லாம இருக்கலாம்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது. இப்போது திட்டப் போகிறார் என்று நான் நினைத்தேன். திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று அவளும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ," என்றார் அவர், சின்னப் பிள்ளை வாத்தியாரிடம் கேட்கிற குரலில், "நான் போய் அவளைக் கூட்டிட்டு வந்துடலாமாம்மா?"

தையல்காரம்மா ஊசியைக் கீழே போட்டுவிட்டுப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்னங்க இன்னும் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க? கெளம்புங்க. மெஷினைச் சரி பண்ண நாளைக்கே ஆள் வரும். நான் அனுப்பி வெக்கறேன்" என்றார்.

பெரியவர் போனை வைக்க மறந்துவிட்டார். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. குடையை எங்கே வைத்தேன் என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அப்புறம் கதவு திறந்து மூடியது. அவர்கள் வீட்டுப் பக்கமும் மழைதான்போல, கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.